கதிர்வீச்சு ஏற்ற வெங்காயமும் அதன் லேபிலும்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் துறையூர் முதலிய பகுதிகளில் விளையும் சின்ன வெங்காயத்தைக் குடியானவர்கள் பட்டறையிட்டுப் பாதுகாத்து, ஒரு பாகத்தை உணவிற்காக விற்று, மற்றொரு பாகத்தை அடுத்த போகத்திற்கு விதையாக நடுவது வழக்கம். உண்பதற்கும் நடுவதற்கும் ஒரே காய் உபயோகமாவதால், கதிர்வீச்சு முறையைப்பற்றிய விதிகளை அவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முறை.— கோபால்ட் 60 என்னும் பொருளினின்று வெளிப்படும் காமாக் கதிர்கள் குறித்த அளவில் மூட்டைகளின்மீது செலுத்தப்படுகின்றன. கோபால்ட் வெங்காயத்தைத் தொடுவதில்லை. வெங்காயமும் கதிரியக்கம் அடைவதில்லை. முளைக்கும் சக்தி மட்டும் அழிந்துவிடுகிறது. அறுவடை செய்து உலர்த்தியபின், முளை எழுமுன் செய்தாலே பலனுண்டு. அழுகலை இது தடுக்காது; ஆகவே அடிபட்ட காய்களைப் பொறுக்கி நீக்குவதும், காற்றோட்டமுள்ள பட்டறையும் முன்போலவே வேண்டும்.

விதிகள்.— 10 கிலோகிரே வரை கதிர்வீச்சு ஏற்ற உணவினால் தீங்கில்லையென 1980-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று முடிவு செய்தது. இந்தியாவில் 1994-ல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாச் சரக்குகள் ஆகியவற்றிற்கு அனுமதி அளிக்கப்பட்டது. பின்னர் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவையும் சேர்க்கப்பட்டன. மஹாராஷ்டிரத்தில் நாசிக் ஜில்லா லாசல்காவில் 2002-ல் இதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. முளையை அடக்க 0.02 முதல் 0.2 கிலோகிரே வரையே அனுமதி. அணுசக்தி விதிகளின்படி லைசென்சு பெற்ற நிலையத்திலன்றி வேறெங்கும் இதனைச் செய்யலாகாது.

லேபில்.— கதிர்வீச்சு முறையில் பக்குவம் செய்யப்பட்டதென்ற வாசகம், செய்த தேதி, லைசென்சு எண், செய்த நோக்கம் ஆகியவையும், வட்டத்தினுள் செடியைக் காட்டும் பச்சைச் சின்னமும் சிப்பத்தின்மேல் இருத்தல் வேண்டும். வாங்குவோர் அறிந்தே வாங்கவேண்டும் என்பது இதன் கருத்து.

எச்சரிக்கை.— குடியானவனுக்கு இந்த லேபில் மற்றொரு விதத்திலும் முக்கியமானது. கதிர்வீச்சு ஏற்ற காய் உண்ணத் தகுந்ததாயினும் விதைக்கு உதவாது. அதை நட்டால் உழவும் எருவும் கூலியும் வீணாகும். இஞ்சிக்கும் பூண்டிற்கும் இதுவே பொருந்தும். திருச்சிராப்பள்ளி மண்டிகளிலும் ஸ்ரீரங்கத்துக் கடைகளிலும் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும்போது லேபில் பிரிந்துபோகக்கூடும். பார்வையினால் பேதம் காண இயலாது. ஆதலின் விதைக்காயை, விளைந்த நிலமும் பட்டறையும் தெரிந்த இடத்திலேயே வாங்குதல் நலம். ஐயமிருப்பின், உறக்ககாலம் கழிந்த சில காய்களை ஈரமணலில் பதித்து முளைப்பைச் சோதித்த பின்னரே நடவேண்டும். கிராம அதிகாரிகள் நடவுகாலத்திற்கு முன்னரே இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நன்று.