தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்த எலப்புள்ளிக்காரர்: எம்.எஸ்.விஸ்வநாதனின் இசைப் பயணம்

தமிழ்நாட்டில் அரசு விழாக்களும் பள்ளிகளின் காலை இறைவணக்கக் கூட்டமும் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகின்றன. அப்பாடலை இயற்றிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, 1855-ம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அதற்கு மெட்டமைத்த எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளியில். தமிழ்நாட்டின் மாநிலப் பாடலைத் தந்த இருவருமே இன்றைய கேரளத்தில் பிறந்தவர்கள் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் வழியில் உள்ள ஊர் எலப்புள்ளி. 1928-ம் ஆண்டு ஜூன் 24-ம் தேதி விஸ்வநாதன் பிறந்தபோது, அவ்வூர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கேரளம் தனி மாநிலமானது 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதிதான். இன்றும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர்.

செம்பை வைத்தியநாத பாகவதரையும் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரையும் தந்த மண் அது. எனினும் விஸ்வநாதன் கச்சேரி மேடையின் வழியாக வந்தவர் அல்லர். நான்கு வயதில் தந்தையை இழந்த அவர், கண்ணூரில் சிறைக் காவலராக இருந்த தாத்தாவிடம் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் இசை கற்றார். நடிகராகும் விருப்பத்துடன் திரையுலகை நாடியவருக்கு ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தில் கிடைத்தது எடுபிடி வேலை மட்டுமே.

பின்னர் சி.ஆர்.சுப்புராமனின் இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. அதே குழுவில் வயலின் வாசித்தவர் திருச்சியைச் சேர்ந்த டி.கே.ராமமூர்த்தி. 1952-ம் ஆண்டு சுப்புராமன் இளம் வயதிலேயே காலமானார். பாதியில் நின்ற 'தேவதாஸ்' உள்ளிட்ட படங்களின் இசைப்பணியை இருவரும் நிறைவு செய்தனர். அதே ஆண்டு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தின் மூலம் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இணை அறிமுகமானது.

அதற்கு முந்தைய தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை கர்நாடக இசையை அடியொற்றியோ, இந்தி மெட்டுகளைத் தழுவியோ அமைந்தவை. இவ்விருவரும் மெட்டை எளிமையாக்கி, அதைச் சுற்றி வயலின் குழு, பியானோ, அக்கார்டியன், புல்லாங்குழல், தபேலா எனப் பல கருவிகளை அடுக்கினர். இதுவே மெல்லிசை எனப் பெயர் பெற்றது. அக்காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைத்தே பாடல் பதிவாகும். ஒருவர் பிழை செய்தாலும் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். எனவே மேற்கத்திய இசையில் கண்டக்டர் எனப்படுபவரின் பொறுப்பும் இசையமைப்பாளர் மீதே விழுந்தது. 'புதிய பறவை' படத்தில் நாயகனின் மனக்கலக்கத்தைக் காட்டும் பாடலைக் கேட்டால் இப்பணியின் கடினம் விளங்கும். அதே 1964-ம் ஆண்டில் வெளியான 'கர்ணன்' படத்துக்கு வடஇந்திய ராகங்களையும், 'காதலிக்க நேரமில்லை' படத்துக்கு மேற்கத்திய நடையையும் இவர்கள் கையாண்டது வியப்புக்குரியது.

1963-ம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற விழாவில் நடிகர் சிவாஜி கணேசன் இவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தை வழங்கினார். இரண்டே ஆண்டுகளில், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துடன் இணை பிரிந்தது. தனித்து இயங்கிய ராமமூர்த்திக்குச் சில படங்களே அமைந்தன. விஸ்வநாதனோ மலையாளத்திலும் 'லங்காதகனம்', 'பணிதீராத வீடு' எனத் தடம் பதித்தார். 'அபூர்வ ராகங்கள்' படத்தில், பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நான்கே சுரங்கள் கொண்ட மஹதி ராகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

அவரது இசையில் பாடி 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக பி.சுசீலாவும், 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காக வாணி ஜெயராமும் தேசிய விருது பெற்றனர். மெட்டமைத்தவருக்கோ பத்ம விருது எதுவும் கிடைக்கவில்லை. 2012-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் வழங்கியது. மறு ஆண்டே ராமமூர்த்தி காலமானார்.

தமிழ்த்தாய் வாழ்த்து அரசு விழாக்களுக்குரிய பாடலாக 1970-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதற்கு விஸ்வநாதன் தேர்ந்தெடுத்தது மோகன ராகம். ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களே கொண்ட இந்த ராகம், பழந்தமிழ் இசையின் முல்லைப்பண்ணாகக் கருதப்படுகிறது. மூன்று மூன்றாக நகரும் திஸ்ர நடை அதற்குத் தாளமானது. நுட்பமான கமகங்கள் தேவையில்லாததால், இசைப்பயிற்சி இல்லாத சிறுவர்களும் கூட்டமாகச் சேர்ந்து பாடிவிட முடிகிறது. நூற்றுக்கணக்கான திரைப்பாடல்களால் பெற்ற அனுபவமே இங்கு அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய ஒலிப்பதிவு தமிழகமெங்கும் ஒலித்தது.

இப்பாடல் வாழ்த்துப் பாடல்தானேயன்றி கீதம் அல்ல; இதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை என 2021-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தெரிவித்தது. அதையடுத்து டிசம்பர் 17-ம் தேதி தமிழ்நாடு அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்தது. மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும். அப்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அரசாணை. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. விஸ்வநாதன் 2015-ம் ஆண்டு ஜூலை 14-ம் தேதியே சென்னையில் தமது 87-வது வயதில் மறைந்திருந்தார்.