கை மரத்துப் போகிறதா? காலம் தாழ்த்த வேண்டாம்!

நடுச்சாமத்தில் கை மரத்துப் போய் விழிப்பு வருகிறது. உதறினால் சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது. பண்டமாரானில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் குடும்ப மாதும், தொழிற்சாலையில் பொருள்களை அடுக்கும் தொழிலாளியும், உணவுக்கடையில் நாள் முழுக்க ரொட்டி சானாய் வீசுபவரும் இதை வாயு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து விட்டுவிடக் கூடும். ஆனால், கோளாறு மணிக்கட்டில் இருக்கலாம்.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் கூரைபோல் அமைந்த தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே ஒரு குறுகிய சுரங்கம் உள்ளது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகச் செல்கின்றன. உள்ளே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்குகிறது. இதுவே கார்ப்பல் டனல் நோய். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப் போகும். சுண்டு விரல் பொதுவாகத் தப்பிவிடும்.

இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கர்ப்பிணிகளும், தைராய்டு, முடக்குவாதம் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். நம் சமுதாயத்தில் பலரை வாட்டும் இனிப்பு நீர் நோயும் ஒரு முக்கியக் காரணம்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. தொடக்கத்தில், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையும், மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசியும் பலருக்குப் பலன் தரும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் விட வேண்டும்.

வழக்கமான முறையில் உள்ளங்கையில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுவார்கள். நுண்துளை முறையில் மணிக்கட்டு மடிப்பில் சுமார் 1 சென்டிமீட்டர் கீறலே போதும். அதன் வழியே சிறிய கேமராவைச் செலுத்தி, திரையில் பார்த்தபடி நார்ப்பட்டையை உள்ளிருந்தே வெட்டுவார்கள். 1980ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர் இச்சிரோ ஒகுட்சு இம்முறையைக் கொண்டுவந்தார். பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

இதன் சிறப்பு என்ன? உள்ளங்கையில் பெரிய காயம் இல்லாததால், சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே வேலைக்குத் திரும்ப முடிகிறது. நாள் சம்பளக்காரருக்கு அது பெரிய விஷயம். ஆயினும், சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் இரண்டு முறைகளின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். நுண்துளை முறையில் தற்காலிக நரம்பு எரிச்சல் சற்று அதிகம் என்பதால், அதில் அனுபவமுள்ள மருத்துவரை நாடுவது நல்லது.

கீறலின் அளவைவிடக் காலமே முக்கியம். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், கையிலிருந்து சில்லறைக் காசு நழுவி, கட்டை விரலின் அடிச்சதை மெலிந்துவிட்ட பிறகு சிகிச்சை செய்தால், இழந்த வலிமை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

எனவே, அறிகுறி நீடித்தால் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள். வேலையினால் வந்த நோய் என்று சந்தேகம் இருந்தால், பெர்கேசோவில் சந்தா செலுத்தும் தொழிலாளர்கள் அங்கே விண்ணப்பிப்பது பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குக் கைதானே மூலதனம்!