தக்காளிப் பாத்தியும் அகழாய்வுக் குழியும்

திருவில்லிபுத்தூர்ப் பகுதி மாணவர் தொல்லியல் பயில நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 மார்ச்சுத் திங்களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் சுடுமண் பொம்மைகளும் வெளிப்பட்டன. களப்பணியைத் தொழிலாகக் கொள்ள விழைவோர் முதலில் வீட்டுக் கொல்லையில் தக்காளி பயிரிடுக என்போம். நகைக்க வேண்டா. மழைக்காலத்தில் குழிவேலை நின்றுவிடும். அப்போது கறிக்கேனும் உதவும்!

நாற்று நடத் தோண்டிய குழியை மூடிய பின்னும், கலந்த மண் நிறத்தாலும் இறுக்கத்தாலும் வேறுபட்டே நிற்கும். பண்டைக் குழிகளையும் தூண் நட்ட இடங்களையும் ஆய்வாளர் கண்டறிவது இவ்வாறே. கொத்துக்கரண்டி பிடிக்குமுன் கண் பழக வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசு 1492இல் கடல் கடந்ததற்குப் பின்னரே பிற நாடுகளுக்குப் பரவியது. சங்ககால மண்ணடுக்கைச் சலிக்கையில் ஒரு தக்காளி விதை சல்லடையில் தங்குமாயின், எலி வளையோ வேரோ பிற்கால உழவோ அவ்விடத்தைக் கலைத்திருக்கிறது என்று பொருள். மாணவர் அதனை எறிந்துவிடாமல் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அருகிற்கிடைத்த கரித்துண்டைக் காலக்கணிப்புக்கு அனுப்பலாமா என்பதை அவ்விதையே முடிவு செய்யும்.