நாலந்தா வழி நடந்தவர்கள்

நாலந்தா என்றதும் நேயர்கள் பலருக்குப் பீகாரத்துப் பழைய கல்விக்கூடமே நினைவுக்கு வரும். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவிலும் அப்பெயரில் ஒரு சிற்றூர் உண்டு. பல்லவர் கட்டடக் கலையை ஒத்த 'கெடிகே' என்னும் கற்கோயில் அதற்குப் புகழ் தேடித் தந்தது. பௌத்தமும் இந்து மதமும் ஒரே கல்லிற் கலந்த அருமையான கட்டடம் அது.

அவ்வூருக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. பின்னர் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்து வறிய மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைவரை நூறு மைலுக்கு மேற்பட்ட நடை. மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா எனக் காட்டினூடே சென்றது அந்த வடபாதை. குடிக்க நல்ல நீரில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் உடன் வந்தன. நோயுற்றோர் பலர் வழியிலேயே விடப்பட்டனர். தப்பியவர்கள், பறிப்புக் காலம் முடிந்ததும் மிச்சம்பிடித்த சிறு தொகையுடன் அதே வழியே ஊர் திரும்பினர்.

1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கியது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் மலையிலேயே தங்கலாயின. அவர்களுடைய சந்ததியிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அத்தனை தூரம் நடந்து வந்தவர்களின் பேரர்களுக்கு இது நேர்ந்தது! அந்நிலை தீர்வதற்கான சட்டங்கள் 2003வரை தொடர்ந்தன.

போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, கெடிகே நீரில் மூழ்காதிருக்க அதனைக் கல்கல்லாகப் பெயர்த்து, 1980களில் மேட்டுநிலத்தில் மீளக் கட்டினர். வடபாதையில் மடிந்தோருள் பெயர் எழுதப்பட்டவர் மிகச் சிலரே.