பழி சுமந்த தாய்ப் பலகை

குழந்தை பரீட்சையில் தவறினால், "தாய் வளர்த்த லட்சணம்!" என்று சொல்ல நாலு பேர் ஓடி வருவார்கள். அதே குழந்தை முதல் பரிசு வாங்கி வந்தால், "எங்கள் வம்சத்து மூளையாக்கும்!" என்று மார் தட்டிக் கொள்ள வேறு நாலு பேர் வருவார்கள். இது மனிதர்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அநியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கேயும் பழி முதலில் விழுந்தது தாயின் தலையில்தான்!

பெட்டிக்குள் ஒரு குடித்தனம்

கம்ப்யூட்டரின் மூளை 'பிராசசர்' என்பது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னஞ்சிறு வில்லை. கணக்கெல்லாம் போடுவது இதுதான். இதைத் தன் மடியில் தாங்கிக் கொண்டிருக்கும் அகலமான பலகைக்குப் பெயர் 'மதர்போர்டு'. அதாவது தாய்ப் பலகை. பெயர் வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். ஏனென்றால், மின்சாரத்தைப் பக்குவம் பண்ணிப் பிராசசருக்கு ஊட்டுவது இந்தப் பலகையின் வேலை.

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ ஏறக்குறைய ஒரு வோல்ட். மிஞ்சிப் போனால் ஒன்றரை வோல்ட். அதற்குமேல் போனால் அஜீரணம்தான். இதில் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு வேண்டும் என்று பிராசசர் கேட்கும், பலகை கொடுக்கும். கேட்பதற்கான கட்டளைகள் பிராசசருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. கொடுப்பதற்கான வரம்புகள் பலகையிலுள்ள 'பயாஸ்' என்ற சிறு புரோகிராமில் இருக்கின்றன.

இருவரும் ஒரே கம்பெனிச் சரக்கு அல்ல. பிராசசர் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது. பலகை பெரும்பாலும் ஏசூஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட் போன்ற தைவான் கம்பெனிகளுடையது. ஆகவே உத்தரவாதமும் இரண்டு. சண்டைக்கு வித்து இங்கேதான் இருக்கிறது!

பழி போன பாதை

இன்டெல் கம்பெனி தன் 13-வது தலைமுறைப் பிராசசர்களை 2022 அக்டோபரிலும், 14-வது தலைமுறையை 2023 அக்டோபரிலும் கடைக்கு அனுப்பியது. அவற்றுள் உயர்ந்த ரகத்துக்கு அமெரிக்காவில் 589 டாலர் விலை. ஆசையோடு வாங்கியவர்களில் பலருக்குச் சில மாதங்களில் சோதனை ஆரம்பித்தது. விளையாட்டு பாதியில் அறுந்து நின்றது. படத்துக்கான நினைவிடம் போதவில்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது.

படம் என்று சொன்னதும் எல்லோருக்கும் 'கிராபிக்ஸ் கார்டு' மீது சந்தேகம். நன்றாக இருந்த கார்டைக் கழற்றிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்! 2024 ஏப்ரலில், அந்தக் கார்டுகளுக்குப் பேர்போன என்விடியா கம்பெனி, இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் இன்டெலைப் போய்க் கேட்கலாம் என்று கையைக் காட்டியது.

இன்டெல் என்ன சொல்லிற்று? பலகைக் கம்பெனிகள் பாதுகாப்பு வரம்புகளைத் தளர்த்திவிட்டு, மின்சாரத்தை அளவுக்கு மீறிப் பாய விடுகின்றன என்றது. பலகைக் கம்பெனிகள் அவசர அவசரமாகப் புதிய பயாஸ்களை வெளியிட்டன. புகார்கள் மட்டும் நின்றபாடில்லை.

குட்டு வெளிப்பட்டது

2024 ஜூலை 22-ந் தேதி இன்டெலே ஓர் அறிக்கை வெளியிட்டது. பிராசசருக்குள் இருக்கும் கட்டளைகளில் பிழை; அதனால் பிராசசர் தப்பான அளவில் வோல்டேஜ் கேட்டு வந்திருக்கிறது என்பது சாரம். பிள்ளை கேட்டது, தாய் கொடுத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

தாயின் பேரில் தப்பே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் இன்டெல் நான்கு காரணங்களை அடுக்கியது. அவற்றில் ஒன்று, பலகைகளில் மின்சார வரம்பு மீறி வைக்கப்பட்டிருந்தது. தன் பலகையில் பிராசசர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும் என்ற போட்டியில் கொடுத்த செல்லம் அது. மற்ற மூன்றும் கட்டளைகளில் நேர்ந்த கோளாறுகள்.

திருத்தங்கள் 2024 ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆகஸ்டில் வந்தது, 1.55 வோல்டுக்கு மேல் கேட்கவே கூடாது என்று பிராசசரின் வாயைக் கட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை எந்தத் திருத்தமும் பிழைக்க வைக்காது. பால் திரிந்த பிறகு அடுப்பைத் தணித்து என்ன பிரயோஜனம்?

இருபக்கமும் இடி

வாங்கியவர் பாடு மத்தளத்தின் பாடாயிற்று. கடைக்காரரைக் கேட்டால் பலகைக் கம்பெனி. அங்கே கேட்டால் பிராசசர் கம்பெனி. இதற்கிடையில் உத்தரவாதக் காலம் கரைந்து கொண்டே போகும். 2024 ஆகஸ்டில் இன்டெல் அந்தக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியது. மாற்றித் தரக் கேட்டு முன்பு பலன் கிடைக்காதவர்கள் மறுபடியும் வரலாம் என்றும் அறிவித்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

பலகைக் கம்பெனிகளும் சாதுக்கள் அல்ல. 2023 ஏப்ரல் 6-ல் கடைக்கு வந்த ஏ.எம்.டி.யின் 'ரைசன் 7 7800எக்ஸ்3டி' பிராசசர்களில் சில, சில வாரங்களுக்குள் உப்பிக் கருகிப் போயின. உட்கார்ந்திருந்த இடத்தையும் சேர்த்துப் பொசுக்கின. இந்தத் தடவை வோல்டேஜை ஏற்றிவிட்டது பலகைதான். 1.3 வோல்டுக்கு மேல் போகாதபடி வரம்பு கட்டினார்கள். அதிகம் அடிபட்ட பெயர் ஏசூஸ். அந்தக் கம்பெனி வெளியிட்ட சோதனைத் திருத்தத்தோடு, இதைப் போட்டுக் கொண்டால் உத்தரவாதம் போனாலும் போகலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. 'மருந்தைக் குடி, குடித்தால் நான் பொறுப்பில்லை' என்கிற வைத்தியரை எங்காவது கண்டதுண்டா? நாலு பக்கமும் கண்டனம் எழுந்த பிறகு, 2023 மே மாதத்தில், உத்தரவாதம் உண்டு என்று அந்தக் கம்பெனி அறிவித்தது.

நாம் செய்ய வேண்டியது

வீட்டில் இன்டெல் 13 அல்லது 14-வது தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் இருந்தால், அது நன்றாக ஓடினாலும் பயாஸைப் புதுப்பித்து விடுங்கள். மடிக் கம்ப்யூட்டர்களுக்கு இந்தக் கோளாறு இல்லை என்று இன்டெல் சொல்லியிருக்கிறது. பிராசசரைத் தனிப் பெட்டியாக வாங்கியவர்கள் நேரே இன்டெலிடம் கேட்கலாம். உதாரணமாக, நீட்டிப்பில் சேர்ந்த ரகத்தை 2022 அக்டோபரில் வாங்கியவருக்கு 2027 அக்டோபர் வரை அவகாசம் உண்டு. முழுக் கம்ப்யூட்டராக வாங்கியவர்கள், அதைச் சேர்த்துக் கொடுத்தவரிடம்தான் போக வேண்டும்.

ரசீதையும் அட்டைப் பெட்டியையும் எறியாதீர்கள். பிராசசரின் வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள். எந்தத் தேதியில், என்ன செய்யும்போது நின்றது, திரையில் என்ன வந்தது என்று பால் கணக்கு எழுதுவதுபோல் எழுதி வாருங்கள். கம்பெனியிடம் டெலிபோனில் பேசியதோடு நிறுத்தாமல், எழுத்து மூலம் கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். நம் நாட்டில் வாங்கிய பொருளுக்கு அப்போதும் வழி பிறக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வருஷக் கணக்கில் ஆராய்ச்சி செய்து குற்றவாளியைக் கண்டுபிடிப்பது கம்பெனிகள் பாடு. அதுவரை நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த ஒற்றைத் தாள் ரசீதுதான். நகைச் சீட்டுகள் வைத்திருக்கிற அதே பீரோவில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்!