பள்ளிக்கு முந்தின பள்ளி



புளியங்குடியிலே எலுமிச்சைத் தோட்ட வேலைக்குப் போகும் தாய், பிள்ளையை ஆச்சியிடம் விட்டுச் செல்கிறாள். ஆச்சி தாலாட்டுகிறாள், கதை சொல்கிறாள், அதட்டுகிறாள். எழுத்தறியாத அவளை நாம் ஆசிரியையாக எண்ணுவதில்லை. ஆனால் மூன்று வயதிற்குள்ளாகவே மூளை வெகுவாய் வளர்ந்துவிடுகிறது. அதற்கு ஆகாரமும் வேண்டும், பேச்சும் வேண்டும்.

1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தது. எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துணவு கொடுத்தது. பேச்சை நிறுக்கத்தான் தராசு இல்லை!

பள்ளிச் சீருடைக்குத் தாராளமாய்க் கொடுக்கிறீர்கள், ஸ்தோத்திரம். ஆனாலும் “சும்மா இரு” என்று அடக்கியே வளர்க்கப்பட்ட பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, வகுப்பிலே வாய் திறக்க வெகுநாளாகும். ஆகையால் பாலூட்டும்போதே பிள்ளையோடு பேசுங்கள் என்று வார்டிலே தாய்மாருக்குச் சொல்லுகிறோம். அவர்களுக்காகவும், ஆச்சிமாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.