மஞ்சள் பஸ் நிற்கும்போது...

தலைநகரில் காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடும் நம்மவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. முனீர்க்கா போன்ற இடங்களின் நெருக்கமான தெருக்களில், முன்னால் மஞ்சள் பள்ளி பஸ் நின்றுவிட்டால் பொறுமை பறந்துவிடுகிறது. வலது பக்கம் வழி இல்லையென்றால் இடது பக்கம் ஸ்கூட்டரை நுழைக்கிறோம். பஸ்ஸின் கதவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் நினைவு வருவதில்லை.

சென்ற குளிர்காலத்தில் இந்தக் குற்றத்தை நானே செய்தேன். மூடுபனி, டியூட்டிக்கு வேறு நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே புகுந்தேன். ஏறப் போன ஒரு சிறுமியின் புத்தகப் பை என் ஹாண்டில்பாரில் மாட்டியது. தாயார் சட்டென்று பிள்ளையை இழுத்துக்கொண்டார். பை மட்டும் விழுந்தது. இந்தியில் சரமாரியாகத் திட்டினார். நான் தடுமாறி மன்னிப்புக் கேட்டதும், "தமிழா சார்? அப்படியானால் இன்னும் இரண்டு பங்கு திட்ட வேண்டும். இரண்டு நிமிஷம் நிற்கக் கூடாதா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

1997 நவம்பர் 18 அன்று வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளி பஸ் ஒன்று யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் மாண்டனர். அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் பள்ளி பஸ்களுக்குக் கண்டிப்பான விதிகளை வகுத்தது. ஜன்னலுக்குக் கம்பி, பூட்டுள்ள கதவு, முதலுதவிப் பெட்டி, கனரக வண்டி ஓட்டி 5 ஆண்டு அனுபவம் பெற்ற டிரைவர், கூடவே ஓர் உதவியாளர் வேண்டும். வாடகை வண்டியானால் பள்ளிப் பணியில் இருப்பதாக எழுதியிருக்க வேண்டும்.

இவையெல்லாம் பஸ்ஸுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் காவல். இறங்கிய பிள்ளைக்கு? வீடு எதிர்ச்சாரியில் இருந்தால், அது பஸ்ஸின் மூக்கை ஒட்டியே ஓடிக் கடக்கும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அந்தச் சின்னத் தலை தெரியாது. பஸ்ஸை முந்த வலது பக்கம் வரும் நமக்கும் தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த விநாடி தீர்ந்துபோகும்.

ஆகவே மஞ்சள் பஸ் நின்றால் பின்னாலேயே நிற்பது நல்லது. முந்தித்தான் ஆக வேண்டுமென்றால், நடந்து போகிற வேகத்தில், பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இடது பக்கம் நுழைவது எந்நாளும் ஆகாது. ஹாரன் அடித்தாலும் பயனில்லை. பயந்த பிள்ளை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு பிள்ளையைக் கைதட்டி அழைக்காதீர்கள். பஸ் நிற்கும் பக்கமே போய் நில்லுங்கள். பஸ் போன பிறகு, இரு பக்கமும் பார்த்து, கையைப் பிடித்துக் கடத்துங்கள்.

இப்போது அதே தெருவில் அதே பஸ்ஸின் பின்னால் தினமும் நிற்கிறேன். அந்தச் சிறுமி ஏறியதும் ஜன்னல் கம்பி வழியே என்னைத்தான் முதலில் பார்க்கிறாள். இன்னும் சிரிக்கவில்லை.